21 வருட ஸ்காட்ச் ஏன் சப்பென்று இருந்தது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மாமா ஒருவர் 10 வருடத்துக்கு முன்னால் ஏர்போர்ட்டில் வாங்கி வந்து கொடுத்த ராயல் சல்யூட் 21 பாட்டில் பீரோவிலேயே இருந்திருக்கிறது. போன மாதம் தங்கை கல்யாணம் முடிந்த கையோடு அதைத் திறந்திருக்கிறார்கள். ஐஸ், சோடா, பக்கத்தில் ஒரு தட்டு மிளகு சிக்கன். "சப்பென்று இருந்தது. வீட்டில் இருக்கும் சிவாஸ் ரீகல் 12-க்கும் இதற்கும் பெரிய வித்தியாசமே தெரியவில்லை. பீரோவில் இருந்ததையும் சேர்த்தால் இது 31 வருடச் சரக்கு. என் நாக்கில் கோளாறா, பாட்டில் டூப்ளிகேட்டா?" இதுதான் கேட்டிருப்பது. டூப்ளிகேட்டா என்பதை எழுத்தில் படித்து யாராலும் சொல்ல முடியாது, சொல்கிறேன் என்று வருபவரை நம்பவும் வேண்டாம். ஆனால் நீங்கள் கேட்டதன் அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: 21 வருடம் என்று போட்டிருக்கிறார்களே, அந்த வருடங்கள் குடிக்கும்போது எங்கே தெரிய வேண்டும்? அதற்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என் பேச்சை எவ்வளவுக்கு எடுத்துக்கொள்வது என்று உங்களுக்குத் தெரியும். வேதியியல் படித்தவன். கிளாஸ்கோ பக்கம் ஒரு பாட்டிலிங் ஆலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் 11 வருடம் வேலை. அதில் பாதிக்கு மேல் முகர்ந்து பார்க்கும் குழுவில். உங்கள் பாட்டிலைச் செய்த நிறுவனம் அல்ல, வேறு. நான் பிளெண்டர் (பல பீப்பாய்ச் சரக்கைக் கலந்து விஸ்கியை அமைப்பவர்) கிடையாது. பிளெண்டர் சமையல்காரர் என்றால் நாங்கள் பந்தி போடுவதற்கு முன்னால் உப்பு பார்க்கிற ஆட்கள். இன்னொன்று, என் மூக்குக்குக் கந்தக வாடை சரியாகப் பிடிபடாது. பயிற்சியின் முதல் மாதத்திலேயே அது தெரிந்துபோனது. கூட இருப்பவர்கள் முகம் சுளிக்கும் சாம்பிளை நான் நல்லா இருக்கே என்பேன். இப்படி ஒவ்வொருவர் மூக்கிலும் ஏதாவது ஒரு ஜன்னல் சாத்தியே இருக்கும். ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயின் இருந்த பீப்பாயில் ஊறிய சரக்கில்தான் அந்தக் கந்தக வாடை அடிக்கடி வரும், அதனால் அவற்றைப் பற்றி நான் சொல்வதில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

அந்த 31 கணக்கை முதலில் முடித்துவிடலாம், இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. விஸ்கிக்கு வயசு ஏறுவது ஓக் மரப் பீப்பாயில் இருக்கும்வரைதான். கண்ணாடியிலோ பீங்கானிலோ ஊற்றி மூடிய நிமிடத்தோடு வயசு நின்றுவிடும். உங்கள் பீரோவில் 10 வருடம் இருந்ததும் 21-தான், உங்கள் பேரன் திறந்தாலும் 21-தான். அந்த 21 எதைக் குறிக்கிறது என்பதும் பலருக்குத் தெரியாது. பிளெண்டட் ஸ்காட்ச் என்றால் பல ஆலைகளின் சரக்கு கலந்தது. அவற்றில் மிக இளையது எதுவோ அதன் வயசைத்தான் லேபிளில் போடலாம் என்பது சட்டம். சராசரி எல்லாம் கிடையாது. 40 வருடச் சரக்கு ஒரு தொட்டி நிறைய வைத்துக்கொண்டு அதில் ஒரு கரண்டி 12 வருடச் சரக்கை ஊற்றினால், வயசு போட விரும்பினால் 12 என்றுதான் போட வேண்டும். ஆக உங்கள் பாட்டிலில் 21-க்குக் குறைந்த துளியே இல்லை, அதைவிட மூத்ததும் கலந்திருக்கலாம். எந்த ஸ்காட்சுக்கும் குறைந்தது 3 வருடம் ஓக் பீப்பாய், ஸ்காட்லாந்து மண்ணிலேயே. அந்த 3 வருட விதி முதல் உலகப்போர்க் காலத்தில் வந்தது. 1915-ல் 2 வருடம் என்று போட்டு, அடுத்த வருடமே 3 ஆக்கினார்கள். ருசிக்காக வந்த விதி இல்லை. ஆயுத ஆலைத் தொழிலாளிகள் குடித்துவிட்டு வேலைக்கு வருகிறார்கள் என்று அரசாங்கத்துக்கு ஏற்பட்ட கவலையில் வந்தது. விஸ்கி நல்லதாகப் போனது அதன் பக்கவிளைவு.

சரி, பீப்பாய்க்குள் இத்தனை வருடம் என்னதான் நடக்கிறது? மரம் கொடுக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஓக்கில் மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் உடைந்து வனிலின் வருகிறது, வனிலா வாசனை அதிலிருந்துதான். ஓக் லாக்டோன் என்று ஒன்று, அதுதான் தேங்காய் மாதிரி, இன்னும் சரியாகச் சொன்னால் கொப்பரை மாதிரி மணப்பது. யூஜெனால் என்பது நம் கிராம்பில் இருக்கும் அதே பொருள், மரத்திலும் இருக்கிறது. ஆனால் மரம் எடுத்துக்கொள்வதும் உண்டு, அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. பீப்பாயின் உட்புறத்தைக் கருக்கி வைத்திருப்பார்கள். அந்தக் கரி, புதுச் சரக்கில் இருக்கும் கந்தக வாடையையும் முரட்டுத்தனத்தையும் இழுத்துக்கொள்கிறது. மரத்தின் நுண்துளை வழியாகக் காற்று மெல்ல உள்ளே போய்ச் சில பொருட்களை மாற்றுகிறது, அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து எஸ்டர்கள் உருவாகின்றன, பழ வாசனை வருகிறது. பீட் என்ற சதுப்பு நிலத்து மட்கை எரித்துப் புகை போட்ட மால்ட்டாக (முளைகட்டிய பார்லிச் சரக்காக) இருந்தால் அந்தப் புகை வருடா வருடம் அடங்கிக்கொண்டே வரும். முதல் சில வருடங்களில் மரம் கொடுப்பது வேகமாக நடக்கும். அதற்கப்புறம் வரும் பத்து, பதினைந்து வருடங்களில் நடப்பது பெரும்பாலும் முனைகள் மழுங்குவதும், இருப்பவை ஒன்றோடொன்று கலந்து ஊறுவதும்தான்.

நீங்கள் 'சப்' என்று சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன். 12-ஐவிட 21 தூக்கலாக இருக்கும், இன்னும் 'கிக்' இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் எல்லோரும் திறக்கிறார்கள். மூத்த பிளெண்ட் அதற்கு நேரெதிர்த் திசையில் போகிறது. ஸ்ட்ரெங்த்தும் ஏறுவதில்லை. பாட்டிலில் ஆல்கஹால் 40 சதவீதம்தான், அதற்குக் கீழே போனால் ஸ்காட்ச் என்று விற்கவே முடியாது. உங்கள் வீட்டு 12 இந்தியாவில் வாங்கியதாக இருந்தால் அதன் லேபிளைப் பாருங்கள். இங்கே விற்கும் ஸ்காட்ச் பாட்டில்கள் பலவற்றில் 42.8 என்று போட்டிருக்கும். அப்படியென்றால் சின்னப் பையன்தான் அதிக ஸ்ட்ரெங்த்தோடு நிற்கிறான், பெரியவர் 40-ல். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பையன் குரல் பெரிதாகக் கேட்பதில் ஆச்சரியம் இல்லை. போதாக்குறைக்கு இவை இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். சிவாஸ் பிரதர்ஸ்தான் இரண்டையும் செய்கிறது. கீத் ஊரில் 1786-ல் தொடங்கிய ஸ்ட்ராத்ஐலா ஆலையை 1950-ல் அவர்கள் வாங்கினார்கள், அந்த மால்ட் இரண்டிலும் முக்கியமான சரக்கு. 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்காக வந்தது ராயல் சல்யூட், பீரங்கி மரியாதையின் 21 குண்டுதான் அந்த 21. அண்ணன் தம்பி ஜாடை இருந்தால் உங்கள் நாக்கில் கோளாறு இல்லை, நாக்கு சரியாகத்தான் வேலை செய்கிறது.

இனி ஐஸ், சோடா, மிளகு சிக்கன். கோபித்துக்கொள்ளாதீர்கள். மூத்த சரக்கை எப்படிக் குடிக்க வேண்டும் என்று சட்டம் பேசுகிறவன் நான் இல்லை, உங்கள் பாட்டில், உங்கள் கல்யாண வீடு. ஆனால் ருசியைத் தேடினீர்கள் என்றால் மூன்று திரை போட்டுவிட்டுத் தேடியிருக்கிறீர்கள். ஐஸில் குளிர்ந்தால் வாசனை எழும்பாது, நாக்கும் மரத்துப்போகும். சோடாவின் குமிழிக் கடி தனியாக ஒன்று. காரம்தான் இதில் பெரிய எதிரி. மிளகாயோ மிளகோ வாயில் உசுப்பிவிடும் அதே சூட்டு நரம்பைத்தான் ஆல்கஹாலும் உசுப்புகிறது. மிளகு சிக்கனுக்கு மேல் எந்த விஸ்கியை ஊற்றினாலும் எரிச்சல்தான் முன்னால் நிற்கும், நுணுக்கமான எதுவும் கிட்டே வராது. இந்த சைடு டிஷ்ஷுக்கு 12 பொருத்தம், அதை அதற்கே வைத்துக்கொள்ளுங்கள்.

பிளெண்ட் என்றாலே மட்டம், சிங்கிள் மால்ட்தான் (ஒரே ஆலையின் மால்ட்) ஒரிஜினல் என்று உங்கள் கேள்விக்கு ஒருவர் பதில் போட்டிருந்தார். அதில் எனக்கு உடன்பாடில்லை, கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும். பிளெண்டட் ஸ்காட்சில் இரண்டு வகைச் சரக்கு இருக்கிறது. ஒன்று மால்ட், முளைகட்டிய பார்லியை மட்டும் வைத்துச் செப்புப் பானையில் இறக்கியது. இன்னொன்று கிரெய்ன், பெரும்பாலும் கோதுமை அல்லது மக்காச்சோளம், கூடக் கொஞ்சம் முளைகட்டிய பார்லி, உயரமான கோபுரம் மாதிரி இருக்கும் தொடர் வடிகலனில் இறக்கியது. டப்ளினில் கலால் அதிகாரியாக இருந்த ஈனியஸ் காஃபி 1830-ல் அந்தக் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார், இன்றும் அவர் பெயரில்தான் அதை அழைக்கிறார்கள். 1860-ல் வந்த சட்டத்துக்கு அப்புறம் மால்ட்டும் கிரெய்னும் வரி கட்டுவதற்கு முன்பே கிடங்கிலேயே கலக்க வழி வந்தது, எடின்பரோ வியாபாரி ஆண்ட்ரூ அஷர் போன்றவர்கள் பிளெண்டைப் பெரிய தொழிலாக்கினார்கள். கிரெய்ன் மலிவு, சீக்கிரம் தயாராகும், அதனால் நம் ஊர்க்காரர்கள் அதை ஃபில்டர் காபியில் சிக்கரி மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள், கலப்படத்துக்கு ஒரு படி மேல் என்று. 5 வருடக் கிரெய்னைத் தனியாக முகர்ந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். மெலிசாக, லேசான பேரிக்காய் மிட்டாய் வாசனை, அவ்வளவுதான். அதே கிரெய்ன் பூர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பழைய பீப்பாயில் 25 வருடம் கிடந்த பிறகு முகர்ந்து பார்க்க வேண்டும். கஸ்டர்ட், கொப்பரை, வெண்ணெயில் வறுத்த முந்திரி, பாலிஷ் போட்ட மரச்சாமான். முதல் தடவை ஒரு சீனியர் எனக்கு லேபிள் இல்லாத கிளாஸில் ஊற்றிக்கொடுத்து என்ன என்று கேட்டார். நான் பெரிய மனிதத் தோரணையில் ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடு வட்டாரத்து மால்ட் ஒன்றின் பெயரைச் சொன்னேன். கிளாஸ்கோ நகரத்துக்குள்ளேயே இருக்கும் கிரெய்ன் ஆலையின் சரக்கு அது.

மூத்த பிளெண்டில் விலைக்குரிய விஷயம் என்று கேட்டால் நான் கை காட்டுவது அந்த மூத்த கிரெய்னைத்தான். பல மால்ட்டுகளை ஒன்றாக ஒட்டவைப்பது அது, அந்த வழவழப்பு அதனுடையது. 12 வருட பிளெண்டில் மால்ட் மேலே மிதப்பதும் கிரெய்ன் அடியில் மெலிதாக ஓடுவதும் தனித்தனியாகத் தெரியும். 21-ல் இரண்டுக்கும் நடுவே கோடு கிழிக்க முடியாது. எந்த மால்ட் எத்தனை பங்கு, கிரெய்ன் எவ்வளவு என்ற விகிதத்தைப் பெரும்பாலான கம்பெனிகள் வெளியே விடுவதில்லை. இன்ன பிளெண்டில் 70 சதவீதம் மால்ட் என்று கம்பெனி சொல்லாமல் எங்காவது படித்தால் அதை ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

விலை ஏன் அப்படி ஏறுகிறது என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஸ்காட்லாந்துக் கிடங்கில் வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகப் போகிறது, தேவதைகளின் பங்கு என்பார்கள். 250 லிட்டர் பிடிக்கும் ஹாக்ஸ்ஹெட் பீப்பாயில் 21 வருடம் முடியும்போது சுமார் 163 லிட்டர் மிஞ்சும். பெங்களூர் வெயிலில் இதே ஆவியாதல் வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் போகும், அந்தக் கணக்கில் 21 வருடம் வைத்தால் பத்தில் ஒரு பங்கு தேறினால் அதிகம். அதனால்தான் இந்தியச் சிங்கிள் மால்ட்டுகள் நாலைந்து வருடத்திலேயே பாட்டிலுக்குப் போகின்றன, அவற்றின் வயசையும் ஸ்காட்ச் வயசையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. ஸ்காட்லாந்தில் அளவோடு சேர்ந்து ஸ்ட்ரெங்த்தும் இறங்குகிறது. 40-க்குக் கீழே இறங்கிவிட்டால் அந்தப் பீப்பாயைத் தனியாக விஸ்கி என்று விற்க முடியாது, ஆகவே மூத்த பீப்பாய்களை அடிக்கடி அளந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சில பீப்பாய்கள் வயசாகி வீணாகவும் போகும். புதுசாகச் சாறுள்ள மரத்தில் 25 வருடம் வைத்தால், அடுப்பில் மறந்துபோன டீ மாதிரி துவர்ப்பும் கசப்புமாகிவிடும். நீண்ட நாள் வைக்க வேண்டியதை ஏற்கெனவே ஒன்றிரண்டு தடவை பயன்படுத்திய, சாறு குறைந்த பீப்பாயில்தான் போடுவார்கள். ஆனால் நேர்மையாகச் சொன்னால், 18-க்கு மேலே நீங்கள் கொடுக்கும் காசில் ருசிக்குப் போவது ஒரு பங்குதான், அரிதாக இருப்பதற்கும் பீங்கான் குடுவைக்கும் வெல்வெட் பைக்கும் போவது மீதி. என் சொந்தக் காசில் வாங்கினால் நான் 17, 18-ஐத் தாண்டுவதில்லை. பரிசாக வந்தால் 30-ஐயும் வேண்டாம் என்பதில்லை.

மீதி இருப்பதை இப்படி ஒரு தடவை குடித்துப் பாருங்கள். சாப்பாட்டுக்கு முன்னால், பசி லேசாக இருக்கும் நேரம் நல்லது. குளித்துவிட்டு சென்ட் போட்டுக்கொண்டு வராதீர்கள், பக்கத்தில் ஊதுபத்தியும் வேண்டாம். வாய் குறுகி வயிறு பெருத்த கிளாஸ் வேண்டும். கிளென்கெய்ர்ன் இருந்தால் சரி, இல்லாவிட்டால் சின்ன ஒயின் கிளாஸ் போதும், நாம் வழக்கமாக எடுக்கும் அகலமான டம்ளரில் வாசனை நிற்காது. 25 மில்லி ஊற்றினால் போதும், ராவாக. அதில் சுத்த ஆல்கஹால் 10 மில்லி, பிரிட்டனில் ஒரு யூனிட் என்பது அதுதான், ருசி பார்க்க அதற்கு மேல் தேவையே இல்லை. ஒரு வருடத்துக்கு ஒரு நிமிடம் என்று 21 நிமிடம் காத்திருக்கச் சொல்வார்கள், அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது, அழகான சடங்கு அவ்வளவுதான். ஆனால் 10 நிமிடம் விட்டால் முதலில் எழும்பும் ஆல்கஹால் நெடி போகும் என்பது உண்மை. மூக்கைக் கிளாஸுக்குள் விடாதீர்கள், விளிம்புக்கு ஒரு விரல்கடை மேலே வைத்து வாயைக் கொஞ்சம் திறந்தபடி இழுங்கள். ஒன்றும் தெரியாமல் போனால் உங்கள் சட்டைக் கையை முகர்ந்துவிட்டுத் திரும்ப வாருங்கள். விளையாட்டில்லை, ஆய்வகத்தில் நாங்கள் செய்வதே அதுதான்.

முதல் சிப் வாயைப் பழக்குவதற்கு, அதை வைத்து எந்தத் தீர்ப்பும் சொல்லாதீர்கள். இரண்டாவது சிப்பை நாக்கு முழுவதும் படும்படி கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்குங்கள், விழுங்கிய கையோடு வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். வயசு தெரிவது இங்கேதான். நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். விழுங்கியதிலிருந்து ருசி எப்போது முழுசாக மறைகிறது என்று மனசுக்குள் எண்ணுங்கள். 12 சட்டென்று இனித்து, கொஞ்சம் காரமாகி, முடிந்துவிடும். 21-ல் அந்த வால் நீளமாக இருக்கும், போகப் போக மாறவும் செய்யும். எனக்குத் தெரிந்தவரை ராயல் சல்யூட்டில் முதலில் நன்கு பழுத்த பேரிக்காய், அப்புறம் ஆரஞ்சு மார்மலேட், பருப்பு வகை வாசனை, கடைசியில் வீட்டுக் கொல்லையில் அணைந்துபோன அடுப்பிலிருந்து வருகிற மாதிரி ஒரு சின்னப் புகை. அந்தப் புகையை நீங்கள் ஐஸ் போட்டுப் பிடித்திருக்கவே முடியாது.

அடுத்தது தண்ணீர். பெரிய சரக்கில் தண்ணீர் ஊற்றுவது பாவம் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள், பிளெண்டர்கள் வேலை நேரத்தில் ஊற்றுவதே தண்ணீர்தான். பொதுவாக 20 சதவீதம் வரை இறக்கி முகர்வார்கள், விழுங்குவது அபூர்வம். உங்களுக்கு அவ்வளவு வேண்டாம், 25 மில்லிக்கு 8 மில்லி தண்ணீர் சேர்த்தால் 30 சதவீதத்துக்கு வரும். துளித்துளியாகச் சேர்த்து நடுநடுவே முகருங்கள். 2017-ல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆய்வாளர்கள் கணினி மாதிரி ஒன்றைச் செய்து, புகை வாசனைக்குக் காரணமான குவாயகால் என்ற மூலக்கூறு, ஸ்ட்ரெங்த் குறையும்போது திரவத்தின் மேற்பரப்புக்கு வருவதைக் காட்டினார்கள். அது ஒரு மூலக்கூறை வைத்துச் செய்தது, நிஜ விஸ்கியில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, ஆகவே தண்ணீர் ஊற்றினால் எல்லா விஸ்கியும் மணக்கும் என்று அதிலிருந்து முடிவு கட்ட முடியாது. ஏற்கெனவே 40-ல் இருக்கும் மெலிதான பிளெண்டில் அளவு தாண்டினால் கலைந்துபோகவும் செய்யும்.

நிறத்தைப் பார்த்து வயசு சொல்லாதீர்கள். ஸ்காட்சில் தண்ணீரைத் தவிரச் சேர்க்க அனுமதி உள்ள ஒரே பொருள் கேரமல் நிறமி. அது சட்டப்படியே சேர்க்கப்படுகிறது, கருத்து இருப்பதால் மூத்தது என்று ஆகாது. கிளாஸ் ஓரத்தில் வழியும் கண்ணீர்க் கோட்டுக்கும் தரத்துக்கும் சம்பந்தம் குறைவு, ஆல்கஹாலும் தண்ணீரும் வேறு வேறு வேகத்தில் ஆவியாவதால் வருவது அது. எங்கள் ஆய்வகத்தில் நீலக் கண்ணாடிக் கிளாஸ் தருவார்கள், நிறம் தெரியக் கூடாது என்பதற்காகவே.

வாசனைக்குப் பெயர் வைப்பது பற்றி ஒன்று. பாட்டில் அட்டையில் ஹெதர் தேன், கிறிஸ்துமஸ் கேக், டாஃபி என்று போட்டிருப்பதைப் படித்துவிட்டு அதைக் கிளாஸில் தேடினால் கிடைக்காது. ஹெதர் பூவை நான் முதன்முதலில் பார்த்ததே ஸ்காட்லாந்து போன பிறகுதான், அதுவரை அந்த வார்த்தையை நம்பிக்கையோடு ஒப்பித்துக்கொண்டிருந்தேன். உங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலிருந்தே தொடங்குங்கள். கொப்பரை, கிராம்பு, சுக்கு, பேரீச்சை, நாட்டுச்சர்க்கரைப் பாகு, ரொம்ப நாள் மூடிக் கிடந்த தேக்கு பீரோவைத் திறந்த வாசனை. கிராம்பையும் கொப்பரையையும் தனித்தனியாக முகர்ந்துவிட்டு உடனே கிளாஸுக்கு வாருங்கள், இருந்தால் பிடிபடும். இல்லை என்று தோன்றினால் அதுவும் சரியான பதில்தான்.

இதையெல்லாம் செய்த பிறகும் வித்தியாசம் தெரிகிறதா, அல்லது நான் சொன்னதால் தெரிகிற மாதிரி இருக்கிறதா என்ற சந்தேகம் வர வேண்டும், வந்தால் நல்லது. அதற்கு ஒரு வழி இருக்கிறது, நாங்கள் தினமும் செய்வது. மூன்று கிளாஸ், இரண்டில் ஒரே சரக்கு, ஒன்றில் வேறு. எது எதில் என்பது ஊற்றியவருக்கு மட்டும் தெரியும். உங்கள் வீட்டில் யாரையாவது ஊற்றச் சொல்லிவிட்டு நீங்கள் வேறு அறையில் இருங்கள். ஸ்ட்ரெங்த் வேறாக இருந்தால் இரண்டையும் 30-க்குக் கொண்டுவந்துவிட்டு ஊற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நெடியை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள். தனி ஒன்று எது என்று சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு தடவை சரியாக வரும், அதனால் மூன்று சுற்று செய்யுங்கள். மூன்றும் சரியாக வந்தால் அதிர்ஷ்டத்தால் வந்திருக்க 27-ல் ஒரு வாய்ப்புதான். பயிற்சிக்குப் போன முதல் வாரம் நான் ஆறில் ஒன்றுதான் சரியாகச் சொன்னேன், கண்ணை மூடிச் சொல்லியிருந்தால் இரண்டாவது வந்திருக்கும். வெட்கமாக இருந்தது. மூன்று மாதத்தில் தேறினேன், மூக்கு கூர்மையானதால் என்று சொல்ல மாட்டேன், எதைக் கவனிப்பது என்று தெரிந்ததால்.

சந்தேகமான பகுதியையும் சொல்லிவிடுகிறேன். மூத்தது மென்மையாக இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மென்மைக்கு வயசு மட்டுமே காரணமா என்றால் இல்லை. 40-க்கு இறக்கியது, குளிரவைத்து வடிகட்டியது, பிளெண்டர் எந்தப் பீப்பாய்களை எடுத்தார் என்பது எல்லாம் அதில் சேரும். நன்றாகச் செய்த 12, அலட்சியமாகச் செய்த 25-ஐ ஊதித் தள்ளுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். மூத்தது என்றால் நல்லது என்பதும் அப்படித்தான், ருசி ஆளைப் பொறுத்தது. புகையும் உறைப்புமாக நெஞ்சைத் தட்டுகிற சரக்கு உங்களுக்குப் பிடித்தமென்றால் மூத்த பிளெண்ட் உங்களுக்கானது இல்லை. அப்படியானால் அதை ரசிக்கிற ஒரு நண்பருக்குக் கொடுத்துவிட்டு அவரிடம் புகைக்குப் பெயர்போன ஐலா தீவின் மால்ட் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள், இருவருக்கும் லாபம்.

மிச்சத்தை எப்படி வைப்பது என்று யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பீங்கான் குடுவையில் வெளிச்சம் புகாது, அது நல்லது. ஆனால் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதும் தெரியாது, அடுக்களைத் தராசில் நிறுத்து வைத்தால்தான் கணக்கு. நிமிர்த்தியே வையுங்கள். ஒயின் மாதிரி படுக்கவைத்தால் ஆல்கஹால் கார்க்கைத் தின்றுவிடும். என்னிடம் இருந்த ஒரு பழைய பாட்டிலை அலமாரியில் இடமில்லை என்று நானே படுக்கவைத்து, திறக்கும்போது கார்க் உள்ளேயே பொடிந்து, காபி ஃபில்டர் பேப்பரில் வடிகட்டிக் குடித்த கதை உண்டு. பாதிக்குக் கீழே போய்விட்டால் மேலே நிற்கும் காற்று வாசனையை மெல்ல மங்க வைக்கும். சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் கழுத்துவரை மாற்றி இறுக மூடி, இருட்டில் வைத்துவிடுங்கள். ஒரு வருடத்துக்குள் முடித்துவிடுவது நல்லது.

குடித்து முடித்த கிளாஸை உடனே கழுவிவிடாதீர்கள். அப்படியே கவிழ்க்காமல் வைத்துவிட்டு மறுநாள் காலையில், பல் துலக்குவதற்கு முன்னால், இரண்டு கிளாஸையும் எடுத்து முகருங்கள், 12 இருந்ததையும் 21 இருந்ததையும். ஆல்கஹால் எல்லாம் போயிருக்கும், மரம் விட்டுப்போனது மட்டும் அடியில் காய்ந்து கிடக்கும். என்ன தெரிந்தது என்று எழுதுங்கள், ஒன்றும் தெரியவில்லை என்றாலும் எழுதுங்கள்.